வெந்துபோன கருவிழிக்கு ஸ்டெம் செல் அறுவை: எந்தக் கண்ணுக்கு எந்த வழி?

கண்ணில் சுண்ணாம்பு விழுந்து ஒரு வருடம் ஆகிறது, பூ விழுந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. ஒரு டாக்டர் கருவிழி மாற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஸ்டெம் செல் வைக்கலாம் என்கிறார், மூன்றாமவர் இப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இந்தக் கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. சில வீடுகளில் சுண்ணாம்புக்குப் பதில் வேலை செய்யும் ஆலையில் தெறித்த ஆசிட். சில வீடுகளில் கழிப்பறை கழுவும் திரவம். இன்னும் சிலருக்கு வலிப்பு மாத்திரையோ சல்ஃபா மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்து கண்ணையும் கெடுத்துவிட்ட ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னால் இரண்டு பேர் தவறு என்று ஆகிவிடாது. மூன்று வழிகளும் மூன்று விதமான கண்களுக்குப் பொருந்தும். உங்கள் கண் அதில் எந்த விதம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு முன் ஒன்று. சம்பவம் இப்போதுதான் நடந்தது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். குழாயைத் திறந்து, இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். இமைக்குள் சுண்ணாம்புத் துணுக்கு இருந்தால் சுத்தமான ஈரத்துணியால் எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். அப்புறம் கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த அரை மணி நேரத் தண்ணீர் காப்பாற்றுகிற அளவுக்குப் பின்னால் எந்த அறுவையும் காப்பாற்றுவதில்லை.

கெட்டுப்போனது எது?

கருவிழியும் வெண்விழியும் சேரும் வளையத்துக்கு லிம்பஸ் என்று பெயர். கருவிழியின் மேல்தோல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் முழுக்கப் புதிதாகிவிடும். அதற்கான புது செல்களை அனுப்பிக்கொண்டே இருப்பவை லிம்பஸில் உள்ள ஸ்டெம் செல்கள். வெண்விழியின் தோல் கருவிழி மேல் ஏறிவிடாமல் தடுப்பதும் இந்த வளையம்தான்.

சுண்ணாம்பு ஒரு காரம். அது செல்லின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பெரும்பாலான ஆசிட்கள் புரதத்தை உறைய வைத்துத் தாங்களே ஒரு தடுப்பைப் போட்டுக்கொள்வதால் அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆனால் வீரியமான ஆசிட்டில் இந்தக் கணக்கு செல்லாது. எதுவாக இருந்தாலும் லிம்பஸ் செத்துவிட்டால் வெண்விழித் தோல் ரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டு கருவிழி மேல் படர்ந்துவிடும். சிவப்பு, ஓயாத நீர், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், அடிக்கடி உரிந்து புண்ணாவது எல்லாம் இதனால்தான். ஃபைலில் 'லிம்பல் ஸ்டெம் செல் டெஃபிஷியன்சி' என்றோ அதன் முதலெழுத்துகளாகவோ எழுதியிருப்பார்கள்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், ஒரு கண்ணா இரண்டு கண்ணுமா? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பாதையைப் பிரிக்கிறது. இன்னொரு கண் முழு ஆரோக்கியமாக இருந்தால் விதை உங்களிடமே இருக்கிறது. உங்கள் திசுவை உங்கள் உடம்பு வேண்டாம் என்று தள்ளாது. இரண்டு கண்ணும் கெட்டிருந்தால் அடுத்தவரிடம் வாங்க வேண்டும். அங்கிருந்து செலவும் ஆபத்தும் வேறு கணக்கு. 'நல்ல கண்' என்று வீட்டில் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. ஆசிட் தெறித்தபோது அந்தக் கண்ணிலும் ஒரு துளி பட்டிருக்கலாம். சிலிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில் அந்தக் கண்ணின் வளையத்தையும் சுற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது ஈரம். கண்ணீர் சுரக்கிறதா, இமை ஒழுங்காக மூடுகிறதா, இமை மயிர் உள்நோக்கி வளர்ந்து உரசுகிறதா, இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வறண்ட கண்ணில் எந்த ஸ்டெம் செல்லும் பிழைக்காது. கீழிமையில் ஒரு காகிதக் கீற்றைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்களே, அந்தச் சோதனை இதற்குத்தான். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த கண்களில் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். ஒட்டிய இமையைப் பிரித்து, இமை விளிம்புக்கு உதட்டின் உட்தோலை வைத்துத் தைத்து, அந்தக் கண்ணை அமைதிப்படுத்துவதற்கே சில மாதம் ஆகும்.

மூன்றாவது, நெருப்பு அணைந்ததா? சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணில் செல்லை வைத்தால் அழற்சியே அதைக் கொன்றுவிடும். விபத்து நடந்த முதல் சில நாட்களில், பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை வைத்து மூடுவது வேறு விஷயம், அது உடனே செய்ய வேண்டியது. ஸ்டெம் செல் அறுவைக்குக் குறைந்தது மூன்று மாதம், பெரும்பாலும் ஆறு மாதமோ அதற்கு மேலுமோ காத்திருக்கச் சொல்வார்கள். 'நாளைக்கே செய்துவிடலாம்' என்று யாராவது அவசரப்படுத்தினால் ஏன் அவசரம் என்று கேட்பதில் தவறில்லை.

நான்காவது, மேல்தோலுக்குப் பின்னால் என்ன மிச்சம்? கண் அழுத்தம் ஏறி நரம்பு செத்திருந்தால் முன்பக்கத்தைக் கண்ணாடி போல ஆக்கினாலும் பார்வை வராது. வெள்ளையாக இருக்கும் கண்ணின் உள்ளே பார்க்க முடியாது என்பதால் ஸ்கேன் எடுப்பார்கள், டார்ச் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடிகிறதா என்று சோதிப்பார்கள்.

கடைசியாக, திரும்பத் திரும்ப வர முடியுமா? படித்தவர்கள்கூடக் கேட்க மறக்கும் கேள்வி இது. அறுவை ஒரு மணி நேர வேலை. ரிவியூ ஒரு வருட வேலை.

வழி ஒன்று: அறுவை இல்லாமல் சமாளிப்பது

வளையத்தின் ஒரு பகுதி மட்டும் போயிருந்து, நடுக் கருவிழி தெளிவாக இருந்தால் அறுவையே தேவைப்படாமல் போகலாம். ஏறி வரும் தோலை அவ்வப்போது சுரண்டிவிட்டு, நல்ல பகுதியிலிருந்து வரும் செல்கள் மூடிக்கொள்ள இடம் கொடுப்பார்கள். பாதுகாப்பு மருந்து கலக்காத கண்ணீர்ச் சொட்டு, நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்துத் தயாரிக்கும் சீரம் சொட்டு இவற்றுடன் பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு.

ஸ்கிலரல் லென்ஸ் என்று ஒன்று உண்டு. வழக்கமான காண்டாக்ட் லென்ஸைவிடப் பெரியது. வெண்விழி மேல் உட்கார்ந்து, கருவிழிக்கு மேல் உப்புநீரைத் தேக்கி வைத்திருக்கும். வறண்ட கண்ணுக்கு, குறிப்பாக ஸ்டீவன்ஸ்-ஜான்சன் கண்ணுக்கு, சில சமயம் எந்த அறுவையையும்விட இது நிம்மதி தரும். ஆனால் தினமும் காலையில் போட்டு இரவில் கழற்ற வேண்டும், கை சுத்தம் வேண்டும், திரவம் மாதாமாதம் வாங்க வேண்டும், சில வருடத்துக்கு ஒரு முறை லென்ஸையே மாற்ற வேண்டும். மீன்பிடித் துறைமுகத்திலோ செங்கல் சூளையிலோ வேலை செய்பவருக்கு இதைப் பரிந்துரைக்கும் முன் அவர் கையையும் வீட்டுத் தண்ணீரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கண் நன்றாக இருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர், வலி இல்லை, நீர் வடியவில்லை, பார்வை வேலைக்குப் போதும் என்றால் 'இப்படியே இருக்கட்டும்' என்பதும் ஒரு நல்ல முடிவுதான். குழந்தைக்கு இது பொருந்தாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வழி இரண்டு: கருவிழி மாற்று மட்டும்

தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைப்பது. தழும்புக்கும், கூம்பு போல் முன்தள்ளிய கருவிழிக்கும் அருமையான அறுவை. லிம்பஸ் முழுக்கச் செத்த கண்ணில் இதை மட்டும் செய்தால் காசும் தானமும் வீண். வைத்த கருவிழியின் மேல்தோல் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும், புதுத்தோலை அனுப்ப வளையம் இல்லை, பழையபடி ரத்தக் குழாய் ஏறிவிடும். முதல் மாதம் பளிச்சென்று தெரிந்து, வீட்டார் சந்தோஷப்பட்டு, அடுத்த வருடம் முன்னைவிட மோசமாகிப் போவது இப்படித்தான்.

ஸ்டெம் செல் பிடித்து மேல்தோல் நிலைத்த பிறகு, உள்ளே தழும்பு மிச்சமிருந்தால், அப்போது கருவிழி மாற்றுக்குப் போகலாம். இரண்டையும் ஒரே மேசையில் செய்தால் தோல்வி அதிகம் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஆகவே யாராவது 'கண் மாற்றுவோம்' என்றால், வளையம் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

வழி மூன்று: நல்ல கண்ணிலிருந்து பெரிய துண்டு

அமெரிக்காவில் கென்யன், செங் ஆகிய இருவர் 1989இல் விவரித்த முறை. நல்ல கண்ணின் வளையத்திலிருந்து வெண்விழித் தோலோடு சேர்த்து இரண்டு துண்டு எடுத்து, கெட்ட கண்ணில் மேலும் கீழுமாகத் தைப்பார்கள். வளையத்தைக் கடிகார முகமாக நினைத்தால், பன்னிரண்டு மணிப் பங்கில் மொத்தம் நாலு முதல் ஆறு பங்கு நல்ல கண்ணிலிருந்து போகும்.

சோதனைச்சாலை வேண்டாம், விசேஷ லைசென்ஸ் வேண்டாம், பிடித்துக்கொண்டால் நன்றாகவே பிடிக்கும். மறைந்திருக்கும் விலை நல்ல கண்தான். இவ்வளவு எடுத்த பிறகு அந்தக் கண்ணில் பின்னால் ஒரு விபத்தோ, கான்டாக்ட் லென்ஸ் பிரச்சினையோ வந்தால் கையிருப்பு குறைவு. அரிதாக, எடுத்த இடத்திலேயே குறைபாடு தோன்றுவதும் உண்டு. ஒரே பார்வைக் கண்ணை வைத்துப் பந்தயம் கட்டுவதுபோல் எனக்குத் தோன்றுவதால், அடுத்த வழி கிடைக்கும் இடத்தில் இதை நான் முதலில் வைக்க மாட்டேன். வெண்விழித் தோலும் நிறையப் போய், இமை ஒட்டிக்கொண்ட கண்களில் இது சில சமயம் அவசியமாகிறது. அங்கே டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

வழி நான்கு: ஸ்லெட்

எளிய லிம்பல் மேல்தோல் மாற்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஸ்லெட் (SLET). ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் விரேந்தர் சங்வானும் சக டாக்டர்களும் உருவாக்கி 2012இல் வெளியிட்ட முறை. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நம் நாட்டில் பிறந்தது என்பதற்காக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஏழை நாட்டின் நெருக்கடியில் பிறந்த முறை என்பதால் நம் பைக்கும் பயணத்துக்கும் ஏற்றதாக இருக்கிறது.

செய்வது இப்படி. கெட்ட கண்ணின் மேல் படர்ந்திருக்கும் தோலையும் ரத்தக் குழாய்களையும் உரித்து எடுத்துவிட்டு, அதன் மேல் பனிக்குடச் சவ்வை விரித்து ஃபைப்ரின் என்ற ரத்தப் புரதப் பசையால் ஒட்டுவார்கள். பரிசோதித்த தாய்மார்களின் சிசேரியன் பிரசவத்தில் கிடைக்கும் சவ்வு அது. நல்ல கண்ணின் வளையத்திலிருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு கீற்று எடுப்பார்கள். அந்தக் கீற்றை எட்டு, பத்துப் பொடித் துணுக்காக நறுக்கி, நாற்று நடுகிற மாதிரி சவ்வின் மேல் வட்டமாக இடைவெளி விட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி பசை விடுவார்கள். பார்வை போகும் நடுப்பகுதியை மட்டும் காலியாக விட்டுவிடுவார்கள். மேலே ஒரு பேண்டேஜ் லென்ஸ். சோதனைச்சாலையில் செல் வளர்க்கும் வேலையைக் கண்ணே செய்துகொள்கிறது. ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் செல் பரவி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் கருவிழி மூடிக்கொள்கிறது.

ஒரே அறுவை. நல்ல கண்ணிலிருந்து போவது கடிகாரக் கணக்கில் ஒரு மணிப் பங்கு மட்டுமே. பிற்பாடு தோற்றால் மறுபடி எடுக்கவும் இடம் இருக்கும். பெரியவர்கள், குழந்தைகள் சேர்ந்து 125 பேருக்குச் செய்து 2016இல் வெளியிட்ட கணக்கில் 76 சதவீதம் பேருக்கு மேற்பரப்பு நிலைத்திருந்தது. ஒன்றரை வருட அளவிலான கண்காணிப்பு அது. ஆசிட் பட்ட கண், இமை கடுமையாக ஒட்டிய கண், கருவிழி மாற்றையும் சேர்த்துச் செய்த கண், துணுக்குகள் உதிர்ந்துபோன கண் ஆகியவற்றில் தோல்வி கூடுதல் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இங்கே 'நிலைத்தது' என்றால் ரத்தக் குழாய் திரும்ப ஏறவில்லை, தோல் உரியவில்லை என்று அர்த்தம். ஆறுக்கு ஆறு பார்வை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே தழும்பு இருந்தால் பார்வை மங்கலாகத்தான் இருக்கும்.

வெளியே தெரியாத செலவு எங்கே? பசையும் சவ்வும் அறுவைக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியாக வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். ஃபைப்ரின் பசை சின்னப் பொட்டலம்தான், விலை சின்னதில்லை. ஸ்டீராய்டு சொட்டு ஆறு வாரம் அளவுக்குக் குறைத்துக்கொண்டே வருவார்கள், அந்தக் காலத்தில் கண் அழுத்தம் பார்க்க வர வேண்டும். முதல் பத்து நாள் கண்ணைக் கசக்கினால் துணுக்கு போய்விடும். இரவில் கண் கவசம் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். சமையல் புகை, தூசி, கடற்கரை மணல் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது என்ற நாட்களில் யாராவது உடன் இருக்க வேண்டும். நாள்கூலிக்காரருக்கு இந்த நாட்களின் கூலிதான் பெரும்பாலும் மருத்துவமனை பில்லைவிடக் கனமாக இருக்கும்.

வழி ஐந்து: சோதனைச்சாலையில் வளர்த்த செல்

'ஸ்டெம் செல்' என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இதுதான். நல்ல கண்ணிலிருந்து பொடித் துண்டு எடுத்து, பத்து, பதினான்கு நாள் சோதனைச்சாலையில் ஒரு தகடாக வளர்த்து, இரண்டாவது அறுவையில் வைப்பது. இத்தாலியில் பெல்லெக்ரினி குழு 1997இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. அதே வழியில் வந்த ஹோலோக்ளார் என்ற சிகிச்சைக்கு 2015இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. இத்தாலியர்கள் 112 பேரிடம் செய்து 2010இல் வெளியிட்டதில் சுமார் 77 சதவீதம் பேருக்கு முழுமையாகப் பிடித்தது. ஹைதராபாத்தில் 200 பேரில் 71 சதவீதம்.

ஆக, எண்களில் ஸ்லெட்டைவிட இது மேலாகத் தெரியவில்லை. உலகளவில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பெரிய துண்டு முறைக்குச் சுமார் 81, ஸ்லெட்டுக்கு 78, வளர்த்த செல்லுக்கு 61 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். வெவ்வேறு நோயாளிகளை ஒப்பிடுவதால் இதை ஒரு ஓட்டப்பந்தயமாகப் பார்க்கக் கூடாது. ஆனால் 'விலை கூடினால் தரம் கூடும்' என்ற எண்ணத்துக்கு இடமில்லை என்பது தெளிவு. இரண்டு அறுவை, இரண்டு முறை மயக்க மருந்து, மருந்துத் தயாரிப்புக்கான விதிகளுக்கு உட்பட்ட சோதனைச்சாலை. எல்லாமே பில்லில் வரும். எடுக்கும் துண்டு வளராமல் போகவும் வாய்ப்புண்டு.

எப்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம்? நல்ல கண்ணே லேசாகப் பாதிக்கப்பட்டு, மிகமிகச் சின்னத் துண்டுதான் எடுக்க முடியும் என்ற நிலையில். அல்லது முறையாக அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் சேர்த்துச் செலவில்லாமல் செய்கிறார்கள் என்றால்.

ஒரு எச்சரிக்கை. இடுப்புக் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ ஸ்டெம் செல் எடுத்துக் கண்ணுக்குள் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களுக்கும் இந்த அறுவைக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் அப்படி ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. வளர்த்த செல் என்று யார் சொன்னாலும் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வழி ஆறு: இன்னொருவரின் வளையம்

இரண்டு கண்ணும் போனவர்களுக்கு. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா போன்ற நெருங்கிய சொந்தத்திலிருந்து ஒரு கீற்று எடுக்கலாம். இறந்தவர் தானம் செய்த கண்ணின் வளையத்தையும் வைக்கலாம். 'என் கண்ணைக் கொடுக்கிறேன்' என்று அம்மா அழும்போது சொல்லுங்கள்: எடுப்பது வளையத்தில் ஒரு கீற்றுதான், அவர் பார்வை போகாது. உறவுக்கான சான்றுகளும் கையெழுத்துகளும் உண்டு, உறுப்பு தானச் சட்டம் திசுவுக்கும் பொருந்தும்.

அடுத்தவர் திசு என்பதால் உடம்பு தள்ளப் பார்க்கும். தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட் போன்ற மாத்திரைகள் குறைந்தது ஒரு வருடம், பலருக்குப் பல வருடம். மாதாமாதம் ரத்தம், சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை. நம் ஊரில் காசநோய் இன்னும் போகவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கும் முன் அதற்கான சோதனையும் வேண்டும். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மைக்கோஃபெனோலேட் கருவுக்கு ஆகாது. இதையெல்லாம் நடத்தப் பணமும் ஒழுங்கும் இல்லாமல் செய்தால் செல் போய்விடும், பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

இதற்கு ஒரு கிளை வழி உண்டு. கன்னத்தின் உட்பக்கச் சளிப்படலத்தை எடுத்து வளர்த்துக் கருவிழி மேல் வைப்பது. ஜப்பானில் நிஷிடா குழு 2004இல் வெளியிட்டது. சொந்தத் திசு என்பதால் மாத்திரை வேண்டாம். ஆனால் மேற்பரப்பு முழுத் தெளிவாக வராது, ரத்தக் குழாய் ஓரளவு இருக்கும். வலியும் புண்ணும் குறையும் என்பதுதான் லாபம். பாக்கு, புகையிலை போட்டுப் போட்டு வாய் இறுகிப்போனவருக்கு இந்தக் கதவும் கிட்டத்தட்ட மூடியதுதான்.

வழி ஏழு: செயற்கைக் கருவிழி

எல்லாம் தோற்ற பிறகு. ஈரமான, இமை மூடும் கண்ணுக்கு பாஸ்டன் வகை. மதுரை அரோலேப் இதைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது. ஆயுள் முழுக்க ஆன்டிபயாட்டிக் சொட்டு, கண் அழுத்தத்தைத் தொடர்ந்து கவனிப்பது. ஒரு நாள் சொட்டு தவறினாலும் கவலைப்பட வேண்டிய கண் இது. முழுக்க வறண்டு தோல் போலாகிவிட்ட கண்ணுக்கு, நோயாளியின் பல்லையும் தாடை எலும்பையும் எடுத்து அதில் லென்ஸ் பொருத்தும் அறுவை உண்டு. இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1963இல் தொடங்கியது. சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். பல கட்ட அறுவை, கண்ணின் தோற்றம் மாறிவிடும். இரண்டு கண்ணும் இருட்டாகிப் போனவருக்கு மட்டுமே அந்த விலை கொடுக்கத் தகும்.

ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் கண் | அறுவை | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| லென்ஸ், சொட்டு | பகுதிப் பாதிப்பு, வறண்ட கண் | இல்லை | தினப் பராமரிப்பு, லென்ஸ் மாற்றுவது |
| கருவிழி மாற்று மட்டும் | வளையம் நன்றாக இருக்கும் தழும்புக் கண் | 1 | வளையம் இல்லையென்றால் முழுத் தோல்வி |
| பெரிய துண்டு | ஒரு கண், வெண்விழித் தோலும் போனது | 1 | நல்ல கண்ணின் கையிருப்பு |
| ஸ்லெட் | ஒரு கண், முழுப் பாதிப்பு, ஈரம் உண்டு | 1 | பசை, சவ்வு, கூலி இழப்பு |
| வளர்த்த செல் | ஒரு கண், எடுக்க மிகக் குறைவே உண்டு | 2 | சோதனைச்சாலை, அனுமதி |
| சொந்தக்காரர் செல் | இரண்டு கண், ஈரம் உண்டு | 1, தானம் தருபவருக்கும் 1 | வருடக்கணக்கில் மாத்திரை, ரத்தப் பரிசோதனை |
| செயற்கைக் கருவிழி | இரண்டு கண், மற்றவை தோற்றது | 1 முதல் பல கட்டம் | ஆயுள் முழுக்கச் சொட்டு |

குழந்தை என்றால் கணக்கு மாறும்

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கும்போது முகத்தில் பீய்ச்சியடித்துக் கண் வெந்து வரும் குழந்தைகள் நம் நாட்டில் அதிகம். பிளாஸ்டிக் உறையை இரண்டு விரலால் அழுத்தினால் போதும், ஓரத்தில் பிய்ந்து நேரே கண்ணுக்கு வரும்.

ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் மறைந்தே இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாமல் போய்விடும். பின்னால் கருவிழி தெளிந்தாலும் பார்வை வராது. அதனால் பெரியவருக்குச் சொல்லும் 'இப்படியே இருக்கட்டும்' இங்கே கிடையாது. கண் அமைதியான உடனே ஸ்லெட் செய்வது நல்லது என்பது என் கருத்து. அறுவை முடிந்ததும் நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் மூடிவைத்துக் கெட்ட கண்ணைப் பழக்க வேண்டும். குழந்தை அழும், பிய்த்துப் போடும், பள்ளியில் கேலி செய்வார்கள். அதை மாதக்கணக்கில் நடத்துவது அம்மாவோ பாட்டியோதான். அறுவைக்குக் கடன் வாங்கும் குடும்பம் இந்த வேலைக்கு யார் என்பதையும் அன்றே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது, எந்தக் கார்டு செல்லும்

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. கோரிமேட்டில் ஜிப்மர். இரண்டிலும் முதல் கருத்தைக் கேட்கலாம். உங்கள் கண்ணுக்குத் தேவையான அறுவை அங்கே நடக்கிறதா, மதுரைக்கோ சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்புவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். வெளியூரில் அறுவை என்றால் ரிவியூவை இங்கே பார்த்துக்கொள்ள முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ரயில் டிக்கெட்டையும் லாட்ஜையும் மிச்சப்படுத்தும் ஒரே கேள்வி அதுதான்.

எல்லைப் பிரச்சினை இங்கே நிஜமானது. கடலூர்க்காரர் கையில் இருப்பது தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை, வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. மருத்துவமனை புதுச்சேரியில். அட்டை அங்கே செல்லுமா, இந்த அறுவை பட்டியலில் இருக்கிறதா என்பதைக் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர், கிருமாம்பாக்கம்காரர்கள் சென்னைக்குப் போகும்போதும் இதே கதைதான் தலைகீழாக.

சிப்காட் தொழிலாளியாக இருந்து மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்கும். வேலையில் நடந்த விபத்து என்று பதிவாகியிருந்தால் சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குத் தொகையும் உண்டு. மேஸ்திரி 'வீட்டில் நடந்ததாகச் சொல்லிவிடு' என்றால் சொல்லாதீர்கள். முதல் நாள் ஓ.பி. சீட்டில் எழுதுவதுதான் பின்னால் எல்லா இடத்திலும் பேசும்.

இன்னொரு கண் நன்றாக இருந்தால், ஒரு கண் பார்வை முழுக்கப் போனதற்கு அரசுக் கணக்கில் 30 சதவீத ஊனம்தான். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். ஆகவே 'அறுவை வேண்டாம், சர்டிபிகேட் வாங்கி உதவித்தொகையில் சமாளிக்கலாம்' என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

டாக்டரிடம் போகும்போது விபத்து நடந்த தேதி, என்ன ரசாயனம், முடிந்தால் அதன் பாட்டில் லேபிளின் போட்டோ, அன்றிலிருந்து போட்ட சொட்டுகளின் பெயர்கள், கண் அழுத்தத்தின் பழைய அளவுகள், இதுவரை செய்த அறுவைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்றால் எந்த மாத்திரையால் வந்தது என்பதைக் கவரின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். அதை மறுபடி யாரும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.